பேஸ்பாலில் எதை உண்மையான வைரம் (தீராப் பகை) என்பது? உறுப்பினர் அனுபவங்கள்

வளைகுடாவாசி:

அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் நிர்வாகம் 2025 மே 16 முதல் 18 வரையிலான மூன்று நாட்களை வைரிகளின் வார இறுதி என்று அறிவித்து, அணிதோறும் ஓர் எதிரியை நியமித்தபோது, சான் டியாகோ பாட்ரஸ் அணிக்குச் சியாட்டில் மாரினர்ஸ் அணி வாய்த்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆயிரம் மைலுக்கு மேல் தூரம். மேஜர் லீக்குக்குள் இருக்கும் இரண்டு லீக்குகளில் இவை வெவ்வேறு லீக்கைச் சேர்ந்தவை. அரிசோனாவின் பியோரியாவில் ஒரே பயிற்சி வளாகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தவிர, இவர்களுக்குள் உறவும் இல்லை, பகையும் இல்லை. எடி வெடர் என்ற பாடகரின் பெயரில் ஒரு கோப்பையையும் வைத்துவிட்டார்கள். கோப்பை வைத்தால் பகை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

என் அளவுகோல் எளியது. தம் அணி ஆடாத நாளிலும் ஒரு ரசிகர் எதிரணியின் ஸ்கோரைத் தேடிப் பார்த்து, அது தோற்றது என்று தெரிந்த பிறகே நிம்மதியாகப் படுக்கப் போகிறார் என்றால், அதே காரியம் எதிர்ப்பக்கத்திலும் நடக்கிறது என்றால், அது வைரம். இதை நான் கற்றுக்கொண்டது சான் பிரான்சிஸ்கோவின் ஆரக்கிள் பார்க்கில், பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு முதியவரிடம். எங்கள் ஊர் ஜயன்ட்ஸ் அணிக்குப் பிளே ஆஃப் (சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டங்கள்) வாய்ப்பு ஏறத்தாழ முடிந்துபோயிருந்த ஒரு சீசனில், அவர் பென்சிலால் ஸ்கோர் அட்டையை நிரப்பிக்கொண்டிருந்தார். அட்டையின் மேல் மூலையில் தாமே கோடு போட்டு இன்னொரு சிறிய கட்டம் வரைந்து, அதில் அன்று வேறு ஊரில் நடந்துகொண்டிருந்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஆட்டத்தின் ரன்களை இன்னிங்ஸ் வாரியாக எழுதிவந்தார். நமக்குத்தான் இனி ஒன்றும் இல்லையே, அது எதற்கு என்று கேட்டேன். அவர் 1982-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அந்த ஆண்டு சீசன் முடிய ஒரு நாள் இருந்தபோது டாட்ஜர்ஸ் 15-2 என்று ஜயன்ட்ஸை வென்று, அவர்களைப் பந்தயத்திலிருந்தே வெளியேற்றியது. மறுநாள் அதே இரு அணிகளும் மீண்டும் மோதின; ஜயன்ட்ஸுக்கு ஆட ஒரு காரணமும் இல்லை. டாட்ஜர்ஸுக்கோ வென்றே தீரவேண்டிய நிலை. ஏழாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸின் ஜோ மார்கன் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து, மூன்று ரன் தரும் ஹோம் ரன் எடுத்தார். டாட்ஜர்ஸ் தோற்றது, ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் இவர்கள் இருவரோடும் அதே பிரிவில் இருந்த அட்லான்டா பிரேவ்ஸ் அந்தப் பிரிவை வென்றது. முதியவரின் கணக்கில் அது நல்ல சீசன். இந்தக் கடனை டாட்ஜர்ஸ் 1993-இல் வட்டியோடு தீர்த்தது. ஜயன்ட்ஸ் 103 ஆட்டங்களை வென்றிருந்த அந்த ஆண்டின் கடைசி நாளில், வெற்றியும் தோல்வியும் சமமாக இருந்த ஒரு சாதாரண டாட்ஜர்ஸ் அணி 12-1 என்று அவர்களை நொறுக்கியது. மறுபடியும் அட்லான்டாவே லாபமடைந்தது.

இதன் வேர் கலிபோர்னியாவில் இல்லை. நியூயார்க் என்ற ஒரே ஊரில், ஒரே லீக்கில், ஒன்று புரூக்ளினிலும் மற்றொன்று மன்ஹாட்டனிலுமாக இருந்துகொண்டு, ஆண்டு முழுதும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பொருமிய பங்காளிகள் இவர்கள். 1951 அக்டோபர் 3 அன்று ஜயன்ட்ஸின் பாபி தாம்சன், டாட்ஜர்ஸின் ரால்ஃப் பிராங்கா வீசிய பந்தில் அடித்த ஹோம் ரன்னால் 5-4 என்று ஜயன்ட்ஸ் லீக் பட்டத்தைப் பறித்தது. மைய ஆடுகளத்துக்கு அப்பாலிருந்த அறையில் தொலைநோக்கி வைத்து எந்தப் பந்தை வீசவேண்டும் என்று எதிரணிக் கேட்சர் காட்டும் சைகைகளை ஜயன்ட்ஸ் அந்த சீசனில் திருடிவந்தது என்பது ஐம்பது ஆண்டு கழித்து வெளிவந்தபோது, பழைய காயம் புதிதாகவே வலித்தது. 1957 சீசன் முடிந்ததும் இரண்டு அணிகளும் சேர்ந்தே மேற்கே வந்து, பகையையும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வந்தன. 1965-இல் ஜயன்ட்ஸின் ஹுவான் மரிச்சால் டாட்ஜர்ஸ் கேட்சர் ஜான் ரோஸ்பரோவின் தலையில் பேட்டாலேயே அடித்தது அதன் எல்லை. (பின்னாளில் இருவரும் நண்பர்களானார்கள், மரிச்சாலைப் புகழ் மண்டபத்தில் சேர்க்கவேண்டும் என்று ரோஸ்பரோவே பரிந்து பேசினார். ரசிகர்களுக்கு அவ்வளவு பெருந்தன்மை வராது.)

பிளே ஆஃபில் மோதினால்தான் வைரம் என்பாரும் உண்டு. இந்த இரு அணிகளும் முதன்முறையாகப் பிளே ஆஃபில் மோதியதே 2021-இல்தான். ஜயன்ட்ஸ் 107 வெற்றி, டாட்ஜர்ஸ் 106. ஐந்தாவது ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் நாங்கள் 2-1 என்று பின்தங்கியிருந்தபோது, எங்கள் வில்மர் ஃபுளோரஸ் பேட்டைப் பாதியில் நிறுத்தினார். எங்கள் கண்ணுக்கு அவர் வீசவே இல்லை. முதல் பேஸ் நடுவர் வீசியதாகக் கைகாட்ட, அவர் ஆட்டமிழந்து எங்கள் சீசன் முடிந்தது. அந்த நடுவரின் முடிவைப் பற்றி இன்றைக்கும் அலுவலகத்தில் யாரும் அமைதியாகப் பேசுவதில்லை.

அருகிலிருந்தால் மட்டும் பகை வராது என்பதற்கு ஓக்லாந்து ஏ'ஸ் அணி சாட்சி. நடுவே ஒரு பாலம்தான். 1989-இல், மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில் நான்கு ஆட்டங்களிலும் எங்களைத் தோற்கடித்தார்கள். ஆனால் அந்தத் தொடரைச் சொன்னால் இங்கே எல்லாரும் நிலநடுக்கத்தைத்தான் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு அணித் தொப்பிகளும் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். 2024-ஆம் ஆண்டோடு அவர்கள் ஓக்லாந்தை விட்டுப் போனபோது எங்களில் பலருக்கு வருத்தம்தான்.

தென்கலிபோர்னியன்:

ஐயா, மாரினர்ஸை எங்கள் தலையில் கட்டியதைப் பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு பொருமவேண்டும் என்ற உங்கள் விதி, வென்றுகொண்டே இருப்பவர்களுக்கு மிகவும் வசதியானது. நான் சான் டியாகோவில் வசிக்கிறேன். டாட்ஜர்ஸ் வரும் வார இறுதிகளில் எங்கள் பெட்கோ பார்க்கின் படிக்கட்டுகளில் நீலச் சட்டைகள் நிறைந்து, சொந்த ஊர் மைதானத்தில் எங்கள் குரலே எங்களுக்குக் கேட்காமல் போகும். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் என் மைத்துனரிடம் இதைச் சொன்னால், "பாட்ரஸ் எங்களுக்கு ஒரு பொருட்டா மாப்பிள்ளை? கடற்கரையைப் பார்க்க வந்தோம், அப்படியே ஆட்டத்தையும் பார்த்தோம்" என்பார்.

2022-இல் டாட்ஜர்ஸ் 111 ஆட்டங்களை வென்றது; நாங்கள் 89. சீசனில் எங்களோடு ஆடிய 19 ஆட்டங்களில் 14 அவர்களுக்கே. அப்படியிருந்தும் பிளே ஆஃபில் 3-1 என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பினோம். நான்காவது ஆட்டத்தில் 3-0 என்று பின்தங்கியிருந்து, ஏழாவது இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்தோம். மழையில் நனைந்தபடி முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது மைத்துனரைக் கைபேசியில் அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அன்றே விடை கிடைத்துவிட்டது. பொருட்டே இல்லாத அணியிடம் தோற்றவர் எதற்காகக் கைபேசியைத் தவிர்க்கவேண்டும்?

2024-இல் அவர்கள் மைதானத்தில் எங்கள் ஜூரிக்சன் புரோஃபார் மீது பந்துகளையும் மற்றப் பொருட்களையும் எறிந்து, ஆட்டமே சற்று நேரம் நின்றது. அன்று நாங்கள் வென்றாலும் தொடரை அவர்கள் வென்றார்கள்; கடைசி 24 இன்னிங்ஸில் எங்களுக்கு ஒரு ரன்கூட இல்லை. எறிந்தது அசிங்கமான செயல், அதில் ஐயமில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு மைத்துனர் கடற்கரையைப் பற்றிப் பேசுவதில்லை.

சார்ல்ஸ்கரையான்:

பாஸ்டனிலிருந்து எழுதுகிறேன். நியூயார்க் யாங்கீஸ்–எங்கள் ரெட் சாக்ஸ் பகையின் பெயரை இதுவரை யாரும் எடுக்காததில் எனக்குச் சற்று வருத்தம். ஆனால் வளைகுடாவாசி அவர்களின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாங்களே இன்று தேறுவோமா என்பது சந்தேகம். என் அலுவலக மேலாளர் 1978-இல் யாங்கீஸின் பக்கி டென்ட் எங்களுக்கு எதிராக அடித்த ஹோம் ரன்னையும், 2003-இல் பதினோராவது இன்னிங்ஸில் அதே அணியின் ஏரன் பூன் அடித்ததையும் பார்த்தவர். இன்றும் காலையில் காபிக்கு முன்னால் யாங்கீஸ் ஸ்கோரைத்தான் பார்க்கிறார். 2004-இல் 0-3 என்ற நிலையிலிருந்து தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்று, யாங்கீஸை மடக்கி, 1918-க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடரையும் வென்றபோது, பாதிக் கோபம் போய்விட்டது என்று அவரே சொல்கிறார். அவருடைய மகன் அதற்குப் பிறகு பிறந்தவன். யாங்கீஸைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்குகிறான். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் பெயரைச் சொன்னால்தான் அவனுக்கு முகம் சிவக்கிறது.