வழக்கு இருந்தால்தான் ஜெயிக்க முடியுமா?

வைகைக்கரையான்:
2024 மக்களவைத் தேர்தலில் ஜெயித்த 543 பேரில் 251 பேர் மேல் குற்ற வழக்கு இருக்கிறது. 504 பேர் கோடீஸ்வரர்கள். அவர்களே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததை தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் அமைப்பு கூட்டிச் சொன்ன கணக்கு இது. 2009-ல் வழக்குள்ளவர்கள் 162 பேர்தான். வழக்குள்ளவர் ஜெயிக்கும் வாய்ப்பு 15.3 சதவீதம், இல்லாதவருக்கு 4.4. கட்சிகளைத் திட்டி என்ன பயன்? ஓட்டுப் போட்டது நாம்தானே.

கணக்குப்பிள்ளை:
அந்த 15.3, 4.4-ஐ எல்லோரும் எடுத்து வீசுகிறீர்கள். நின்ற 8,360 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் சுயேச்சைகள். அதில் ஜெயித்தது 7 பேர். 25,000 ரூபாய் டெபாசிட் கட்டி அதையும் விட்டுவிட்டுப் போகிற மனிதர் மேல் பெரும்பாலும் வழக்கும் இருக்காது, சொத்தும் இருக்காது. அவரையும் சேர்த்து வகுத்தால் 'நல்லவன் தோற்கிறான்' என்றுதான் விடை வரும். அவர் தோற்றது கட்சிச் சின்னம் இல்லாததால் சார்!

வைகைக்கரையான்:
சரி, பெரிய கட்சிகளையே எடுத்துக்கொள்வோம். ஏன் வழக்குள்ளவருக்கே சீட்? வழக்குள்ளவரை நிறுத்தினால் காரணத்தை வெளியிட வேண்டும், 'ஜெயிப்பார்' என்பது மட்டும் காரணமாகாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'மக்கள் செல்வாக்கு உள்ளவர்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தச் செல்வாக்கு யார் கொடுத்தது?

கணக்குப்பிள்ளை:
பணம் கொடுத்தது. பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்குச் செலவு வரம்பு 95 லட்சம். அதற்குள் முடித்த பெரிய கட்சி வேட்பாளரைக் காட்டுங்கள், காலில் விழுகிறேன். பூத் செலவைத் தானே பார்த்துக்கொள்கிற ஆள்தான் கட்சிக்கு வேண்டும். அந்தப் பணம் மணலில் வந்ததா, நிலத்தில் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அப்படி வந்த பணத்தோடு வழக்கும் ஒட்டிக்கொண்டு வரும்.

மல்லிகா டீச்சர்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். 'படித்தவர்கள் வந்தால் சரியாகிவிடும்' என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் தினமும் ஒரு குரல் கேட்கும். இந்த மக்களவையில் முக்கால்வாசிக்கு மேல் பட்டதாரிகள்தான்! காமராஜர் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. ஹரியானாவில் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் படிப்புத் தகுதி வைத்தார்கள், உச்ச நீதிமன்றமும் 2015-ல் ஏற்றது. எம்.பி.க்கு மட்டும் அப்படி எதுவும் கிடையாது. இன்னொன்று, சாலை மறியல் வழக்கும் கொலை வழக்கும் ஒன்றா? எங்கள் ஊரில் தண்ணீருக்காக மறியல் செய்த பெண்கள் மேல்கூட வழக்கு உண்டு.

வைகைக்கரையான்:
நியாயம், டீச்சர். மறியலைக் கழித்துவிடுங்கள். கடுமையான வழக்கு உள்ளவர்கள் மட்டுமே 170 பேர். இரண்டு வருடத் தண்டனை வந்தால் பதவி உடனே போகும் என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் வழக்கு முடிந்தால்தானே! அப்புறம் கணக்குப்பிள்ளை, கொடுத்த கையை மட்டும் பேசுகிறீர்கள், வாங்கிய கை? வேலூரில் 2019-ல் பணம் பிடிபட்டுத் தேர்தலே ரத்தானது.

கணக்குப்பிள்ளை:
அதே வருடம் ஆகஸ்டில் அங்கே தேர்தல் மறுபடி நடந்தபோது பெரிய கட்சிகள் யாரை நிறுத்தின? ஏப்ரலில் நின்ற அதே ஆட்களை. ஓட்டுப் போடுகிறவர் வேறு யாரைத் தேடுவார்?

வைகைக்கரையான்:
நோட்டா இருக்கிறதே.

கணக்குப்பிள்ளை:
இந்தூரில் 2024-ல் நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கு மேல் ஓட்டு. ஒருவேளை நோட்டா முதலிடமே பிடித்தாலும் அடுத்து வந்தவர்தானே எம்.பி.?