கல்லூரி ஃபுட்பால் வீரர் கைதானால் என்னென்ன நடக்கும்? தெரிந்தவர்கள் பகிரலாம்

நான்காம் டவுன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு வீரர் கைதானால் உடனே இரண்டு கேள்விகள் எழுகின்றன. "இவனை இன்னும் ஏன் ஆட விடுகிறார்கள்?" என்கிறது ஒரு தரப்பு. "கோர்ட்டில் நிரூபணம் ஆகும் முன்பே ஏன் வெளியே அனுப்பினார்கள்?" என்கிறது இன்னொரு தரப்பு. எல்லாம் ஒரே விசாரணை என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். உண்மையில் கோச், பல்கலைக்கழகம், நீதிமன்றம், என்.சி.ஏ.ஏ (தேசிய அளவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) அல்லது கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் போட்டி ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி) என்று நான்கு தனித்தனி அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்றின் முடிவு பொதுவாக மற்றதைக் கட்டுப்படுத்தாது.

கோச் இன்று மாலையே ஒருவரைப் பயிற்சியிலிருந்து நிறுத்தலாம், அணியை விட்டே நீக்கலாம். அதற்குச் சாட்சி, ஆதாரம் எதுவும் தேவையில்லை, அணி விதியை மீறினார் என்ற ஒரு வரி போதும். ஆனால் நடத்தையைக் காரணம் காட்டி, நடப்பு ஆண்டின் ஸ்காலர்ஷிப்பை அவர் தன் விருப்பப்படி பறிக்க முடியாது. என்.சி.ஏ.ஏ விதிப்படி மாணவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கு அலுவலகம் அதைக் கடுமையான தவறு என்று தீர்மானித்திருக்க வேண்டும். ரத்து செய்தால் நிதியுதவி அலுவலகம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மேல்முறையீட்டைக் கேட்பது விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழு. "டீமை விட்டுத் தூக்கிட்டாங்க, படிப்பும் போச்சு" என்று குடும்பங்கள் பதறிப்போய், அந்தக் கடிதம் வரும்போது பதிலே போடாமல் கெடுவைத் தவறவிடுகின்றன. கையில் இருந்த ஒரே உரிமையும் அப்படித்தான் போகிறது.

இன்னொன்று: ஒரு வீரர் குற்றம் செய்தார் என்பதற்காக என்.சி.ஏ.ஏ தானாக முன்வந்து தண்டிப்பதில்லை. பேலர் பல்கலைக்கழகத்தில் பாலியல் வன்முறைப் புகார்களைக் கையாண்ட விதத்தால் 2016 மே மாதம் கோச் ஆர்ட் பிரைல்ஸ் வேலை இழந்தார், தலைவர் கென் ஸ்டார் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 2021 ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ தீர்ப்பு வந்தபோது, அந்தப் புகார்களைத் தெரிவிக்கத் தவறியது தங்கள் விதிகளின்படி மீறல் ஆகாது என்றுதான் சொன்னார்கள். அது வளாகம் முழுவதும் இருந்த தோல்வி என்பது அவர்கள் சொன்ன காரணம். புகார் கொடுத்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய வலி!

ஜார்ஜியா சிவப்பு

பெரிய வழக்குகள்தான் தலைப்புச் செய்தி ஆகின்றன. வீரர்களைச் சிறைக்குக் கொண்டுபோவதில் சாலை விவகாரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எப்படிச் சிக்குகிறார்கள் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தில் இரண்டே தடங்கள் உள்ள சாலையில் மணிக்கு 75 மைல், மற்ற எந்தச் சாலையிலும் 85 மைல் தொட்டால் "சூப்பர் ஸ்பீடர்". வழக்கமான அபராதத்தைக் கோர்ட்டில் கட்டிய பிறகு, மாநிலம் தனியாக 200 டாலர் கேட்டுக் கடிதம் அனுப்பும். அது எந்த முகவரிக்குப் போகும்? லைசென்ஸில் உள்ள முகவரிக்கு, பெரும்பாலும் ஊரில் உள்ள அம்மா வீட்டுக்கு. பையன் விடுதியில் இருப்பான், கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை. கெடு முடிந்ததும் கூடுதலாக 50 டாலர், அதோடு லைசென்ஸ் முடக்கம். அடுத்த முறை பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தினாலும், முடக்கப்பட்ட லைசென்ஸில் ஓட்டினான் என்று கைதாகலாம். முதல் டிக்கெட்டின் விசாரணைத் தேதியைத் தவறவிட்டால் வாரண்ட்டும் சேரும். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் மாநில இணையதளத்தில் லைசென்ஸ் நிலையைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அணி அலுவலகங்கள் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

குடித்துவிட்டு ஓட்டுவது இன்னும் மோசம். ரத்த ஆல்கஹால் அளவுக்குப் பொதுவான வரம்பு 0.08, யூட்டாவில் 0.05. 21 வயதுக்குக் கீழ் என்றால் ஜார்ஜியா உட்படப் பல மாநிலங்களில் 0.02 போதும். கல்லூரி வீரர்களில் பலர் அந்த வயதுதான். கைதான பிறகு கிரிமினல் வழக்கு ஒரு பக்கம், லைசென்ஸ் பறிப்பு இன்னொரு பக்கம், இரண்டும் தனித்தனி. லைசென்ஸுக்கான விசாரணையைக் கேட்டு வாங்க கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் 10 நாள், டெக்சாஸில் 15 நாள், ஜார்ஜியாவில் 30 நாள் அவகாசம். கோர்ட் தேதி எப்போது என்று காத்திருப்பவர்களுக்கு இந்தக் கெடு முடிந்ததுகூடத் தெரியாது.

2023 ஜனவரி 15 அதிகாலையை இங்கே யாரும் மறக்கவில்லை. தேசிய சாம்பியன்ஷிப் கொண்டாட்டம் முடிந்த சில மணி நேரத்தில் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் நடந்த விபத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழக வீரர் டெவின் வில்லாக், அணி ஊழியர் சாண்ட்லர் லக்ராய் இருவரும் இறந்தார்கள். இரண்டு வண்டிகள் போட்டி போட்டு ஓடியதாகப் போலீஸ் சொன்னது. லக்ராய் ஓட்டிய வண்டி மணிக்கு 104 மைல் வேகத்தில் போனது, அவருடைய ரத்த ஆல்கஹால் அளவு 0.197. மற்ற வண்டியை ஓட்டிய அதே அணி வீரர் ஜேலன் கார்ட்டருக்கு இரண்டு மிஸ்டிமீனர் (சிறு குற்ற வகை) குற்றச்சாட்டுகளில் 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு, 1,000 டாலர் அபராதம், 80 மணி நேர சமூக சேவை. அதன் பிறகும் அந்த அணியில் வேகம் தொடர்பான கைதுகள் நிற்கவில்லை. என்.ஐ.எல் கூட்டமைப்பு (வீரர்களின் பெயரையும் புகழையும் பயன்படுத்த அவர்களுக்குப் பணம் தரும் ஆதரவாளர் அமைப்பு) வழியாக வீரர்களிடம் அபராதம் பிடிக்கிறோம் என்று கோச் கிர்பி ஸ்மார்ட் 2024-ல் சொன்னார். ஒரு ஆட்டம் உட்கார வைப்பதைவிட வண்டிச் சாவியை வாங்கி வைப்பது பலன் தரும் என்பது என் கருத்து.

சட்டம் படிப்பவள்

நான்காம் டவுன் சார் சொன்ன நான்கில் நீதிமன்றப் பகுதியைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

கைதான இரவில் மிகப் பெரிய தவறு பேசுவது. "சும்மா இருந்தால் போதும், அமைதி உரிமை தானாக வந்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். 2010-ல் உச்ச நீதிமன்றம் பெர்கியஸ் வழக்கில் சொன்னது வேறு: உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "நான் பேச விரும்பவில்லை, எனக்கு வக்கீல் வேண்டும்", இந்த இரண்டே வாக்கியம் போதும். சிறையிலிருந்து பேசும் போன் பதிவாகும். கோச்சிடமோ அம்மாவிடமோ "என்ன நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தால் அது அரசு வழக்கறிஞர் கைக்குப் போகும். அந்த அழைப்பில் எந்த ஜெயில், ஜாமீன் தொகை எவ்வளவு, யாரை அனுப்ப வேண்டும் என்பது மட்டும் போதும். கோச் வக்கீல் அல்ல, அவரிடம் சொன்னதற்கு ரகசியப் பாதுகாப்பு கிடையாது.

ஜாமீனுக்குத் தரகரிடம் போனால் வழக்கமாக 10 சதவீதம் கட்டணம். 5,000 டாலர் ஜாமீனுக்கு 500 டாலர், அது திரும்பி வராது. முழுத் தொகையையும் கோர்ட்டிலேயே கட்டினால், எல்லாத் தேதிகளுக்கும் ஆஜரானவருக்கு வழக்கு முடிந்ததும் பிடித்தம் போகத் திரும்பக் கிடைக்கும். இல்லினாயில் 2023 செப்டம்பரில் இருந்து பண ஜாமீனே இல்லை.

வெளியே வரும்போது கையில் தரும் தாளைப் படிக்க வேண்டும். "தொடர்பு கொள்ளக் கூடாது" என்ற உத்தரவு இருந்தால், சக வீரர் மூலம் "சாரி சொல்லச் சொன்னான்" என்று செய்தி அனுப்புவதும் மீறல்தான், மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். புகார் கொடுத்த பெண் அதே வளாகத்தில் படிப்பவராக இருந்தால் வகுப்பு மாற்றம், சாப்பாட்டுக் கூடத்தின் நேர மாற்றம் எல்லாம் வீரருக்குத்தான் செய்ய வேண்டும், அவருக்கு அல்ல. இதில் அணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "அந்தப் பெண் வழக்கை வாபஸ் வாங்கிட்டா" என்று செய்திகளில் வருவதும் தவறு. வழக்கு அரசு வழக்கறிஞருடையது. அவர் விரும்பினால் புகார்தாரர் ஒத்துழைக்காமலே நடத்தலாம்.

ஃபெலனி, மிஸ்டிமீனர் வேறுபாடு அணி விதிகளிலும் முக்கியம். பொதுவாக ஓராண்டுக்கு மேல் சிறைக்கு இடமுள்ள குற்றம் ஃபெலனி. ஃபெலனி குற்றச்சாட்டு பதிவானாலே வழக்கு முடியும் வரை ஆட்டத்திலிருந்து நிறுத்தம் என்று பல பல்கலைக்கழகங்களின் கையேட்டில் இருக்கிறது. அதனால் குற்றச்சாட்டை மிஸ்டிமீனராகக் குறைக்க வைப்பதே வக்கீலின் முதல் வேலை ஆகிறது.

2022 அக்டோபர் 29 அன்று மிச்சிகன் மைதானச் சுரங்கப்பாதையில் மிச்சிகன் ஸ்டேட் வீரர்கள் மிச்சிகன் வீரர்களைத் தாக்கிய சண்டை இதற்கு நல்ல பாடம். மிச்சிகன் ஸ்டேட் கோச் 8 பேரை நிறுத்தினார். அரசு வழக்கறிஞர் 7 பேர் மீது குற்றம் சாட்டினார், அதில் ஒருவர் மீது மட்டும் ஃபெலனி. ஹெல்மெட்டால் அடித்ததால் அது ஆயுதத் தாக்குதல் ஆனது. பிக் டென் கான்ஃபரன்ஸ் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 1,00,000 டாலர் அபராதம் விதித்தது, ஃபெலனி சுமந்தவருக்கு அடுத்த சீசனின் முதல் 8 ஆட்டங்கள் தடை. கோர்ட்டிலோ பெரும்பாலோர் மாற்றுத் திட்டத்தில் போனார்கள்: நிபந்தனைகளை முடித்தால் குற்றப் பதிவு இல்லை. ஒரே நிகழ்வு, மூன்று அதிகாரங்கள், மூன்று வேறு விளைவுகள்.

அயோவா மக்காச்சோளம்

சூதாட்டத்தை யாரும் தொடவில்லையே? 2023-ல் அயோவாவில் கல்லூரி வீரர்கள் விளையாட்டுப் பந்தயம் கட்டிச் சிக்கிய விவகாரம் இதில் அவசியம் வர வேண்டும்.

அயோவாவில் பந்தயம் கட்ட 21 வயது ஆக வேண்டும். வயதும் போதாது, என்.சி.ஏ.ஏ தடையும் இருக்கிறது என்பதால் சிலர் பெற்றோர் பெயரில் ஆப் கணக்கு திறந்தார்கள். அங்கேதான் சிக்கல் பெரிதானது. வயது குறைந்து பந்தயம் கட்டுவது சிறு அபராதத்தோடு முடியும் விஷயம். வேறொருவர் பெயரில் கணக்கு நடத்துவதைப் பதிவேட்டைத் திரித்த குற்றமாக எடுத்தார்கள். அது அயோவாவில் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள மிஸ்டிமீனர்.

அயோவா ஸ்டேட் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) ஹன்டர் டெக்கர்ஸ் 2023 செப்டம்பரில் குறைந்த குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு 645 டாலர் அபராதம் கட்டினார், அந்த சீசன் அவர் ஆடவில்லை. ஒப்புக்கொள்ளாமல் நின்ற நான்கு பேர் மீதான வழக்கு 2024 மார்ச்சில் கைவிடப்பட்டது. எந்த இடத்திலிருந்து பந்தயம் கட்டப்படுகிறது என்று காட்டும் இருப்பிட மென்பொருளைப் புலனாய்வாளர்கள் வாரண்ட் இல்லாமல் பயன்படுத்தியதை வீரர்கள் தரப்பு வக்கீல்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆதாரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்காமல் முதல் மாதமே ஒப்புக்கொள்வதில் உள்ள ஆபத்து இதில் தெரிகிறது. ஆனால் சீசனைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கும் 20 வயதுப் பையனுக்கு ஆறு மாதம் காத்திரு என்று சொல்வதும் லேசில்லை.

தன் பல்கலைக்கழகம் சம்பந்தப்படாத பந்தயங்களுக்கு என்.சி.ஏ.ஏ 2023-ல் வகுத்த அளவுகோல்: கட்டிய மொத்தத் தொகை 200 டாலர் வரை என்றால் விதிமுறை வகுப்பு மட்டும். 201 முதல் 500 வரை சீசனில் 10 சதவீதம் இழப்பு, 501 முதல் 800 வரை 20, அதற்கு மேல் 30 அல்லது கூடுதல். 12 ஆட்ட சீசனில் 30 சதவீதம் ஏறக்குறைய 4 ஆட்டம். தன் ஆட்டத்திலேயே பந்தயம் கட்டினால் நிரந்தரத் தடைகூட வரலாம்.

நான்காம் டவுன்

சட்டம் படிக்கும் தோழி விட்ட இடத்திலிருந்து வளாக விசாரணைக்கு வருகிறேன். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ன் டைட்டில் நைன் சட்டப்படி பாலியல் புகாரைப் பல்கலைக்கழகம் தனியாக விசாரிக்க வேண்டும். 2024-ல் கொண்டுவந்த விதிகளை 2025 ஜனவரி 9 அன்று கென்டக்கி ஃபெடரல் நீதிமன்றம் ரத்து செய்ததால் இப்போது 2020 விதிகளே நடப்பில். ஆதாரங்களைப் பார்த்துப் பதில் எழுத இரு தரப்புக்கும் குறைந்தது 10 நாள். பிறகு நேரடி விசாரணை, அதில் ஆலோசகர் மூலம் குறுக்கு விசாரணை. ஆலோசகர் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகமே இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். இங்கே "சந்தேகத்துக்கு இடமின்றி" நிரூபிக்க வேண்டியதில்லை. நடக்காததைவிட நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவே பல இடங்களில் போதும். கோர்ட்டில் விடுதலையாகி வளாகத்தில் வெளியேற்றப்படுவது இதனால்தான் முரண் அல்ல. இங்கே பேசியது கிரிமினல் கோர்ட்டுக்குப் போகக்கூடும் என்பதால் வக்கீல்கள் முதலில் தற்காலிக ஒத்திவைப்பு கேட்பார்கள்.

விசாரணை இல்லாத நிறுத்தத்தை எதிர்த்து வெல்வதும் சாத்தியம். பாஸ்கெட்பால் என்றாலும் இல்லினாயின் டெரன்ஸ் ஷானன் வழக்கைச் சொல்லியாக வேண்டும். கான்சாஸில் எழுந்த பாலியல் புகாரால் 2023 டிசம்பர் 28-ல் நிறுத்தினார்கள், 2024 ஜனவரியில் ஃபெடரல் நீதிபதி அவரை மீண்டும் ஆட விடச் சொன்னார், ஜூனில் கான்சாஸ் ஜூரி விடுதலை செய்தது. இல்லினாய் அரசுப் பல்கலைக்கழகம், அதனால் அரசியலமைப்பு அங்கே செல்லும். தனியார் பல்கலைக்கழகத்தில் கையேடும் ஒப்பந்தமும்தான் பிடி.

டலாஸ் தமிழன்

இரண்டே விஷயம் சேர்க்கிறேன்.

என்.சி.ஏ.ஏ விதிப்படி 2022-23 முதல் ஒவ்வொரு ஆண்டும் எல்லா வீரர்களும் வன்முறை தொடர்பான விசாரணை, ஒழுங்கு நடவடிக்கை, தண்டனை இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். இடம் மாறும்போது புதிய பல்கலைக்கழகம் பழையதைக் கேட்டு உறுதி செய்யும். "பதிவு அழிந்துவிட்டது" என்று நினைத்து மறைத்தால், பழைய வழக்கைவிடப் பொய் சொன்னதுதான் ஸ்காலர்ஷிப்பைக் கெடுக்கும்.

வெளிநாட்டு மாணவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பல அணிகளில் ஆஸ்திரேலியப் பண்டர்கள் (பந்தை உதைத்து அனுப்பும் வீரர்கள்) எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறார்கள், நம் பிள்ளைகளும் அதே விசாவில்தான் படிக்கிறார்கள். குடித்து ஓட்டிய கைதுக்கே, தீர்ப்பு வரும் முன்பே, வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். இன்னொரு பொறியும் உண்டு. கோர்ட் "குற்றம் பதிவாகாது" என்று தரும் மாற்றுத் திட்டத்தில்கூட, குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிபதி ஏதாவது கட்டுப்பாடு விதித்திருந்தால், குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே எண்ணும். அதனால் கையெழுத்துப் போடும் முன் கிரிமினல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும், கையெழுத்துக்குப் பிறகு பார்த்தால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.