டிவி முகப்பு விளம்பரம்: பை-ஹோல் போட்டும் போகவில்லை

கார்மேகம்:
சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கணினியில், விளம்பர முகவரிகளை அடைக்கும் பை-ஹோல் மென்பொருளை ஏற்றி, ரௌட்டரில் அதையே டிஎன்எஸ்ஸாக (தளப் பெயருக்கு ஐபி எண்ணைச் சொல்லும் சர்வர்) கொடுத்துவிட்டேன். கைபேசியில் செய்தித்தளங்கள் எல்லாம் சுத்தம். ஆண்ட்ராய்டு டிவியில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. போட்டதும் பாதித் திரைக்கு ஏதோ படத்தின் விளம்பரம். யூடியூபில் அம்மா பட்டிமன்றம் பார்த்தால், நடுவர் தீர்ப்பு சொல்லப்போகும் நேரம் பார்த்து இன்னொன்று. எதை விட்டுவிட்டேன்?

மாடிவீட்டுக்காரன்:
யூடியூபை முதலில் மறந்துவிடுங்கள். டிஎன்எஸ் வடிகட்டிக்குத் தெரிவது சர்வரின் பெயர் மட்டும்தான். விளம்பரமும் வீடியோவும் ஒரே கூகுள்வீடியோ.காம் பெயரில்தான் வருகின்றன. அதை அடைத்தால் பட்டிமன்றமும் போச்சு. 'யூடியூபுக்கும் வேலை செய்யும் லிஸ்ட்' என்று யாராவது கொடுத்தால் நம்பாதீர்கள்.

முகப்புத் திரை அப்படியில்லை. பை-ஹோலின் குவெரி லாக்கில் (எந்தக் கருவி எந்தப் பெயரைக் கேட்டது என்ற பதிவு) டிவியின் ஐபி வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால், ரௌட்டர் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி முறை) வழியாகத் தன் டிஎன்எஸ்ஸையும் டிவிக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அல்லது டிவி நேராகக் கூகுளின் டிஎன்எஸ்ஸான 8.8.8.8-இடம் கேட்கலாம். முதலாவதென்றால் ரௌட்டரில் ஐபிவி6-ஐ நிறுத்தினால் போதும். இரண்டாவதென்றால் டிஎன்எஸ் கேள்விகள் போகும் போர்ட் 53-ஐ பை-ஹோலுக்குத் திருப்ப வேண்டும். இணைப்போடு தரும் ரௌட்டர்களில் இதற்குப் பெரும்பாலும் இடமிருக்காது, ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மாற்று மென்பொருள் ஓடும் ரௌட்டர் தேவை.

ஐபி வருகிறது, விளம்பரமும் வருகிறது என்றால், 'ஆண்ட்ராய்டுடிவிலாஞ்சர்' என்று தொடங்கும் கூகுள் முகவரியைத் தேடி அடையுங்கள். அப்புறம் டிவி அமைப்பில் ஹோம் ஆப்பின் டேட்டாவை அழியுங்கள். பழைய படங்கள் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) உட்கார்ந்திருக்கும்.

தறிக்காரர்:
ஒரு டிவிக்கு இவ்வளவா? டிவியின் நெட்வொர்க் அமைப்பிலேயே டிஎன்எஸ் 94.140.14.14 என்று போடுங்கள். அட்கார்டின் இலவச டிஎன்எஸ். வேலை முடிந்தது.

மாடிவீட்டுக்காரன்:
முடியும்தான். ஆனால் லாக் பார்க்க முடியாது, நம் விருப்பத்துக்கு ஒரு முகவரியைச் சேர்க்கவும் முடியாது. லாஞ்சர் முகவரிக்கு அதுதானே வேண்டும்?

கார்மேகம்:
ஐபிவி6-தான். நிறுத்தியதும் டிவி லாக்கில் வந்தது. லாஞ்சரையும் அடைத்தேன். மேலே விளம்பரம் இருந்த இடம் காலி, கூடவே பரிந்துரை வரிசைகளும் போய்விட்டன. பரவாயில்லை. ஆனால் இப்போது ஒரு ஓடிடி ஆப் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மாடிவீட்டுக்காரன்:
ஆப்பைத் திறந்த அதே நிமிடத்தில் லாக்கில் சிவப்பாக (அதாவது அடைபட்டு) என்ன விழுகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றாக அனுமதித்துப் பாருங்கள், மொத்தமாக வேண்டாம்.