பர்னார்ட்ஸ் லூப் வரவே மாட்டேங்குது: கேமராவை மாடிஃபை பண்ணணுமா, ஃபில்டர் போதுமா?

அம்பத்தூர் மொட்டைமாடி:
எல்லாருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையில காவலூர் பக்கம் நல்ல இருட்டுல ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தை எடுத்தேன், மாடிஃபை பண்ணாத (சென்சார் முன்னாடி இருக்கிற ஃபில்டரை மாத்தாத) கேனான் க்ராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், 135 எம்எம் லென்ஸ் எஃப் 2.8ல, ஸ்டார் டிராக்கர் (வானம் சுத்துற வேகத்துக்கு கேமராவைத் திருப்புறது), ஐஎஸ்ஓ 1600, ஒரு நிமிஷ ஃப்ரேம் 40. சிரில் சாஃப்ட்வேர்ல எல்லா ஃப்ரேமையும் சேர்த்து ஸ்டாக் பண்ணா எம்42 (ஓரியன் நெபுலா) அள்ளுது, குதிரைத்தலை நெபுலா கூட லேசா தெரியுது, ஆனா பர்னார்ட்ஸ் லூப்ங்கிற மங்கலான பெரிய நெபுலா வளைவு இருக்க வேண்டிய எடத்துல வெறும் ஸ்டார்தான். கேமராவை மாடிஃபை பண்ணலாமா இல்ல டூயல் பேண்ட் ஃபில்டர் (ரெண்டு குறுகலான கலர் பட்டையை மட்டும் உள்ள விடுறது) வாங்கலாமா? ரெண்டுக்கும் சேர்த்து இப்ப காசு இல்ல, பெரும்பாலும் வீட்டு மாடியிலதான் எடுக்க முடியும்.

இருட்டுதேடி:
மொதல்ல மாடிஃபிகேஷன்தான் ப்ரோ. லூப்போட வெளிச்சம் பெரும்பாலும் ஹைட்ரஜன் ஆல்ஃபா, அதாவது 656.3 நானோமீட்டர்ங்கிற ஒரே சிவப்புல வருது, பகல் போட்டோவுல கலர் சரியா வரணும்னு சென்சார் முன்னாடி கேமராக்காரங்க வைக்கிற ஃபில்டர் அதுல கால்வாசி கிட்டதான் உள்ள விடும், அந்தக் கால்வாசியையும் நாலுல ஒரு பிக்சல்தான் புடிக்குது. டூயல் பேண்ட் ஃபில்டர் பின்னணியை இருட்டாக்கும், நெபுலா வெளிச்சத்தை கூட்டாது. அப்புறம் 40 நிமிஷம் எம்42க்கு தாராளம், இதுக்கு பத்தவே பத்தாது, நாய்ஸை விட சிக்னல் ரெண்டு மடங்கு தூக்கணும்னா நாலு மடங்கு நேரம் போடணும். 135ல ஃப்ரேமே 9 டிகிரி சொச்சம்தான், லூப் அதுக்குள்ள முழுசா அடங்காது, 50 எம்எம் இருந்தா அதுல போங்க. 135தான்னா ரோசெட், கலிஃபோர்னியா நெபுலா ரெண்டும் அருமையா உக்காரும்.

வேலூர் வானம்:
மாடிஃபிகேஷன் சரிதான், ஆனா அம்பத்தூர் மாடியில ஃபில்டர் இல்லாம லூப்பை மறந்துடுங்க தம்பி. முன்னாடி தெருவுல சோடியம் விளக்கு, வெளிச்சம் பெரும்பாலும் 589 நானோமீட்டர் சுத்திதான், சாதாரண சிட்டி ஃபில்டரே அதை வெட்டிடும். இப்ப வெள்ளை எல்இடி எல்லா கலர்லயும் கொட்டுது, ஃபில்டர் பட்டை 7 நானோமீட்டர் மாதிரி குறுகலா இருந்தாதான் தப்பிக்கலாம். அதனால இப்ப மாடிஃபை பண்ணி மலையில எடுங்க, காசு சேர்ந்ததும் ஃபில்டர் வாங்கி மாடியில எடுங்க. நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரத்துலதான் நிக்குது, மாடியில வடக்கு பக்கம் ஒரு அபார்ட்மென்ட் இருந்தாலே போச்சு, டிராக்கரை அதைப் பார்த்து நேராக்க முடியாது, வேற ஸ்டார் நகர்றதை வச்சு நேராக்குற டிரிஃப்ட் அலைன்மென்ட் கத்துக்கோங்க. சூட்டுக்கு சென்சார் நாய்ஸும் கூடும், டார்க் ஃப்ரேமை (அந்த நாய்ஸைக் கழிக்க லென்ஸை மூடி எடுக்கிறது) வீட்டுக்கு வந்து ஏசி ரூம்ல எடுக்காம அங்கயே அதே சூட்டுல எடுங்க.

சிரில் பைத்தியம்:
காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. சிரில்ல பின்னணி வெளிச்சத்தைக் கழிக்கிற பேக்ரவுண்ட் எக்ஸ்ட்ராக்ஷன்ல சாம்பிள் புள்ளியை ஆட்டோவா விட்டீங்களா? லூப் மேலயே புள்ளி விழுந்தா சாஃப்ட்வேர் அதையும் லைட் பொல்யூஷன்னு நெனச்சு கழிச்சுடும், மங்கலான பெரிய நெபுலா எல்லாம் இப்படித்தான் காணாம போகுது. எம்78 நெபுலாவுக்கு கிழக்கால இருக்கிற புள்ளிகளை கையால அழிச்சுட்டு, அந்த எக்ஸ்ட்ராக்ஷனோட பாலினாமியல் டிகிரியை 1ல வச்சு ஓட்டுங்க. அப்புறம் சேனலைப் பிரிச்சு, சிவப்பை மட்டும் ஸ்டார்நெட் சாஃப்ட்வேர்ல ஸ்டாரை நீக்கிட்டு, மங்கலானது தெரியுற மாதிரி ஸ்ட்ரெச் பண்ணுங்க.

அம்பத்தூர் மொட்டைமாடி:
அண்ணா வருது!! எம்78 பக்கத்துல ஒரு வளைவு, ஒரே நாய்ஸ்தான் ஆனா பச்சை சேனல்ல அது இல்ல, சிவப்புல மட்டும் இருக்கு. அப்ப மாடிஃபிகேஷன்தான், முடிவு பண்ணிட்டேன். சென்சார் முன்னாடி இருக்கிற ஃபில்டரை முழுசா கழட்டிடலாமா?

இருட்டுதேடி:
முழுசா கழட்டாதீங்க. ஐஆரும் (அகச்சிவப்பு வெளிச்சம்) உள்ள வந்துடும், கேமரா லென்ஸ் ஐஆரை வேற எடத்துல ஃபோகஸ் பண்ணும், ஸ்டார் எல்லாம் ஊதிப் போய் நிக்கும். ஹெச் ஆல்ஃபாவை விட்டு ஐஆரை நிறுத்துற கண்ணாடியா பார்த்து மாத்தச் சொல்லுங்க, தடிமனையும் கேட்டுக்கோங்க, மாறிச்சுன்னா ஆட்டோஃபோகஸ் தள்ளிப் போகும். அதுக்கப்புறம் பகல் போட்டோ செவப்பா வரும், கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வச்சா சமாளிக்கலாம்.