அல்சூர் வீடு (குடும்பக் குழு)

8 நவம்பர் 2024, வெள்ளி

காலை 11:42

அப்பா: பென்ஷனுக்கான ஆயுள் சான்றுக்காகத் தாத்தாவை அழைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றரை மணி நேரமாக நிற்கிறோம். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது, மெஷின் ஒன்றையும் ஏற்கவில்லை. ரேகை தேய்ந்துபோயிற்றாம்.

மாலதி அத்தை: நேரில் வந்து நிற்கிற மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று மெஷினைக் கேட்கிறார்கள்!

தாத்தா: நான் டியூட்டியில் இருக்கிறேன். மெஷின்தான் லீவு.

நான்: விரலே வேண்டாம் அப்பா. ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டினால் போதும், 2021-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. வீட்டுக்கு வாருங்கள், சாயங்காலம் நான் வந்து செய்து தருகிறேன். ஆதாரும் பென்ஷன் புத்தகமும் எடுத்து வையுங்கள்.

அப்பா: இதைக் காலையிலேயே சொல்லக் கூடாதா?

நான்: நேற்றே சொன்னேன். மேலே தள்ளிப் பாருங்கள், உங்கள் குட் மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடியில் இருக்கும்.

ரவி சித்தப்பா: 28 வருடம் இரும்பு தூக்கின கை. ரேகை தேயாமல் என்ன செய்யும்?

விக்கி: தாத்தா, டிசம்பர் 7 கொடி நாளுக்கு ஸ்கூலில் 'எங்கள் வீட்டுப் படைவீரர்' என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?

மாலதி அத்தை: டேய்!

தாத்தா: நான் மெட்ராஸ் சேப்பர், ராணுவப் பொறியாளர் படை. பாலம் போடுவோம், பாதை போடுவோம், கண்ணிவெடி எடுப்போம். பட்டாளத்தில் எங்களுக்குப் பேரே 'தம்பி'. 72 வயதிலும் நான் தம்பிதான்.

விக்கி: பாலம் மட்டும் என்றால் இரண்டு பக்கம் வராதே தாத்தா.

அப்பா: வயநாட்டை எழுது. ஜூலை 30 நிலச்சரிவு. ஆகஸ்ட் 1 சாயங்காலம் சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தில் வண்டி ஓடியது. போட்டது பெங்களூரில் நம் அல்சூர் ஏரிக்கரை மெட்ராஸ் சேப்பர்ஸ்தான். அன்றைக்குத் தாத்தா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் நின்றபடியே இருந்தார். சாம்பார் சாதம் காய்ந்தே போயிற்று.

தாத்தா: எழுதிக்கொள். பெய்லி பாலம் போடும் இடத்தில் வெல்டிங் கிடையாது. பேனல் ஒன்று 10 அடி நீளம், ஏறத்தாழ 260 கிலோ, ஆறு பேர் தூக்க வேண்டும். ஒன்றோடு ஒன்றைப் பின் அடித்துக் கோப்போம். அக்கரையில் பிடித்து இழுக்க ஆள் இல்லையே, எப்படிப் போடுவது? இக்கரையில் உருளைகளின் மேல் வைத்துக் கட்டி, முன்னால் எடை குறைந்த ஒரு மூக்கைச் சேர்த்து, அப்படியே தள்ளுவோம். பின்பக்கம் கனமாக இருக்கும்வரை தலைகுப்புற விழாது. மூக்கு அக்கரையைத் தொட்டால்தான் எங்களுக்கு மூச்சு வரும். அப்புறம் மூக்கைக் கழற்றிவிடலாம். 190 அடி என்றால் 19 கட்டம்.

பாட்டி: அங்கே பாலம். இங்கே மர்ஃபி டவுன் வீட்டில் மழைக்கு ஓடு ஒழுகியது. மூன்று பிள்ளைகளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு ஏணி போட்டு ஏறினது யார்?

தாத்தா: நீதான்.

பாட்டி: அதையும் எழுதிக்கொள் விக்கி.

மாலதி அத்தை: எனக்கு அப்பா என்றால் இன்லேண்ட் லெட்டர்தான். ஊர்ப் பெயரே இருக்காது, '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரி மட்டும். மூன்றாம் வகுப்பில் டீச்சர் அப்பா எங்கே என்று கேட்டதற்கு "ஐம்பத்தாறில்" என்றேன். கண்டக்டர் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

ரவி சித்தப்பா: 87-இல் அந்த லெட்டரும் நின்றுபோயிற்று. அந்தத் தீபாவளிக்கு நாம் வெடி வாங்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா அக்கா?

மாலதி அத்தை: மறக்குமா.

விக்கி: 87-இல் எங்கே இருந்தார்?

அப்பா: யாழ்ப்பாணம். அமைதிப்படை.

விக்கி: அங்கே எல்லாரும் தமிழ்தானே பேசுவார்கள் தாத்தா?

தாத்தா: (இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது)

பிற்பகல் 12:31

தாத்தா: ஆமாம். தமிழ்தான்.

பாட்டி: அதைக் கேட்காதே கண்ணா.

பிற்பகல் 1:15

ரவி சித்தப்பா: இங்கே டெல்லியில் கண் எரிகிறது, ஒரே புகை. அங்கே மழையா?

அப்பா: தூறல்.

தாத்தா: விக்கி, என்னைப் பற்றி வேண்டாம். சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றி எழுது. எங்கள் மெட்ராஸ் சேப்பர்ஸ். 1944 பிப்ரவரி, இத்தாலியில் மிக்னானோ. கூட வந்தவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். வெடிப்பதற்குள் இவர் அதன்மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு பிரிட்டிஷ் அரசின் உயர்ந்த வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுது.

விக்கி: சரி தாத்தா. ஆனால் தலைப்பு 'எங்கள் வீட்டு' என்று இருக்கிறது. உங்கள் மெடல் போட்டோவாவது வேண்டும்.

அப்பா: நான் பார்த்தே பத்து வருடம் இருக்கும். டிரங்க் பெட்டியில்?

பாட்டி: டிரங்க் பெட்டியில் அப்பளமும் வடகமும் இருக்கின்றன. மெடல் பிஸ்கட் டின்னில், ஊசிநூலோடு. ஒரு ரிப்பன் மட்டும் இருக்காது. விக்கியின் அக்கா அதைப் பொம்மைக்குப் புடவை கட்டிவிட்டாள்.

நான்: எனக்கு நான்கு வயது பாட்டி!

தாத்தா: நான்தான் கட்டிக் கொடுத்தேன். அவளுக்குக் கொசுவம் வைக்க வரவில்லை.

மாலதி அத்தை: எனக்கு ஒருநாளாவது பொம்மைக்குப் புடவை கட்டிவிட்டிருக்கிறீர்களா அப்பா?

தாத்தா: நீ பொம்மை வைத்து விளையாடின வயதில் எனக்கு வருடத்துக்கு இரண்டு மாதம்தான் லீவு.

மாலதி அத்தை: தெரியும் அப்பா. சும்மா கேட்டேன்.

மாலை 6:20

நான்: ஆப் திறந்தாயிற்று. ஒரு சிக்கல். 'கண்ணை இமைக்கவும்' என்று வருகிறது. தாத்தா கேமராவைப் பார்த்ததும் அட்டென்ஷனில் நின்றுவிட்டார், இமைக்கவே மாட்டேன் என்கிறார். மூன்று முறை தோற்றுவிட்டோம்.

ரவி சித்தப்பா: 'விஷ்ராம்' (தளர்ந்து நில்) என்று பட்டாளத்து ஆர்டர் சொல்லிப் பார்.

நான்: சொன்னேன். கால் மட்டும் அகன்றது.

பாட்டி: போனை என்னிடம் கொடு.

மாலை 6:34

நான்: முடிந்தது. அடுத்த நவம்பர் வரை தாத்தா உயிரோடு இருப்பதாகப் பதிவாகிவிட்டது.

விக்கி: பாட்டி என்ன செய்தார்?

நான்: முகத்துக்கு நேராகக் கரண்டியை ஓங்கினார்.

பாட்டி: அப்படியே கீழே கடைக்குப் போய் இஞ்சி வாங்கி வரச் சொல். நாற்பது ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம்.

தாத்தா: போய்க்கொண்டிருக்கிறேன்.