க்ளூனி நகரைப் பார்க்க உங்கள் வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள க்ளூனி என்னும் சிறிய ஊருக்கு என் பெற்றோருடன் செல்ல இருப்பதால், அங்கு சென்று வந்தவர்களின் ஆலோசனையை வேண்டுகிறேன்.

910ஆம் ஆண்டில் அக்கித்தேன் பகுதியின் பிரபு குய்யோம் நிறுவிய மடத்தில், 1088இல் தொடங்கி எழுப்பப்பட்ட, ஏறத்தாழ 187 மீட்டர் நீளமுள்ள அதன் மூன்றாவது தேவாலயம், ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகில் அளவில் ஈடு இணையற்று விளங்கியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் தேவாலயம் விற்கப்பட்டு, கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டதை எண்ணும்போது மனம் கனக்கிறது. எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்கிறார்கள். ஆயினும் எண்கோண மணிக்கூண்டு இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

நான் மிகவும் காண விரும்புவது, மடத்தின் 13ஆம் நூற்றாண்டு மாவுக் களஞ்சியத்தில் மரக்கூரையின்கீழ் வைக்கப்பட்டுள்ள தூண் தலைப்புச் சிற்பங்களை. ஒன்றில் இசைக்கலைஞர் ஒருவர் மடியில் வைத்த யாழை மீட்டுகிறார். அவற்றை அருகில் நின்று படமெடுக்க அனுமதி உண்டா? ஊருக்குள் உள்ள ரோமனெஸ்க் (கோதிக் பாணிக்கு முந்தைய இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) காலத்து வீடுகளை, முதியவர்கள் நடந்தே பார்க்க இயலுமா? அருகிலுள்ள மக்கோன் நகரிலிருந்து பேருந்தில் செல்வதானால் ஒரு பகல் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் அருள்கூர்ந்து விரிவாக எழுதுங்கள்.