கைமாறிய கார் வைத்திருப்பவர்களே, ஓர் உதவி

வணக்கம் உறவுகளே, திருகோணமலையில் இருந்து வாகனப் பாதுகாப்பு பற்றிப் பட்டப்படிப்புக்கு ஆய்வு செய்கிறேன். 2015இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள், வீதியில் ஓடிய ஜீப் செரோக்கியை வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாக முடக்கிக் காட்டினார்கள். சுமார் 14 இலட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. என் கவலை அவ்வளவு பெரிதல்ல. போனை புளூடூத்தில் இணைத்தால் பல கார்களின் திரைக்குள் தொடர்பு எண்கள், அழைப்பு விபரம் எல்லாம் பதிந்துவிடும். விற்கும்போது டயரைத் தட்டிப் பார்க்கிறோம், இதை யார் அழிக்கிறார்கள்?

உவர்மலை, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கைமாறிய அக்வா, பிரியஸ் வைத்திருக்கும் அண்ணாமார், அக்காமார் அரை மணி நேரம் பார்க்க விடுவீர்களா? நீங்களும் பக்கத்தில் இருங்கள். யாருடைய பெயரோ எண்ணோ குறிக்க மாட்டேன், என்ன வகைத் தகவல் மிஞ்சியிருக்கிறது என்பது மட்டும் போதும். வயரில் கை வைக்கவும் மாட்டேன், சத்தியமாக! தெரிந்த கராஜ்காரர் இருந்தாலும் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.